பொக்கே ரோஜா குச்சி துளிர் விடுது, ஆனா வேர் விடாம கருகிடுது. என்ன பண்ணலாம்?

இலைநிழல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு பொக்கே வந்திருக்கு, அடர் சிவப்புல நீளக் காம்பு ரோஜா, கூடவே ரெண்டு மூணு வெளிர் ஆரஞ்சு. பூ இன்னும் நல்லாத்தான் இருக்கு, இலையும் வாடல. குடுத்தவங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க, அதனால இத குப்பையில போட மனசே வரல, இதுல இருந்து ஒரு செடியாவது எடுத்துடணும்னு ஆசை.

இதுக்கு முன்னாடியும் பொக்கே குச்சி நட்டுப் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் ஆகுது. நட்ட கொஞ்ச நாள்லயே கணுவுல சிவப்பா குட்டித் துளிர் வரும், சரி பிடிச்சிடுச்சுனு நெனப்பேன், அது விரல் நீளம் வளர்ந்து இலை விரியுற நேரம் பாத்து திடீர்னு தலை தொங்கிடும், அடுத்த ரெண்டு நாள்ல குச்சி கீழ இருந்து கறுப்பாகிட்டே வரும். புடுங்கிப் பாத்தா வேர்னு ஒண்ணுமே இருக்காது. வேரே இல்லாம எப்படிங்க துளிர் வருது? தண்ணி கம்மியா, ஜாஸ்தியா?

வீடியோல ஒருத்தர் உருளைக்கிழங்குல குத்தி வைக்கச் சொல்றார், இன்னொருத்தர் தேன்ல முக்கச் சொல்றார், வேற ஒருத்தர் பாட்டில் தண்ணியிலயே வேர் வர வைக்கிறார். எத நம்புறதுனு தெரியல. நிஜமா செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ். அப்புறம் பூவ எப்ப வெட்டணும், முழுசா வாடுற வரைக்கும் காத்திருக்கலாமா?

வேர்க்கால்:

துளிர் வந்தா பிடிச்சிடுச்சுனு அர்த்தமே இல்லங்க, ரோஜா குச்சியில எல்லாரும் ஏமாறுறது இந்த இடத்துலதான். குச்சிய வெட்டும்போதே அதுக்குள்ள கொஞ்சம் மாவுச்சத்தும் தண்ணியும் சேமிப்பா இருக்கும், கணுவுல மொட்டும் தயாரா இருக்கும். மேல இருந்த பூவ எடுத்ததும், இவ்வளவு நாள் அந்த மொட்ட அடக்கி வெச்சிருந்த தடை போயிடும், உடனே கிளம்பிடும். அதுக்கு வேர் தேவையே இல்ல, சேமிப்ப எடுத்துத்தான் வளருது. ஆனா இலை விரிஞ்சதும் அது வழியா தண்ணி ஆவியாகிட்டே போகும், அந்த அளவுக்கு இழுத்துக் குடுக்க கீழ வேர் இல்ல, அப்பதான் நீங்க பாத்த மாதிரி தலை தொங்குது. வாடுதேனு நாம தண்ணிய ஊத்துவோம், மண்ணு சொதசொதனு ஆகி காத்து போகாது, வெட்டின வாய் வழியா பூஞ்சை ஏறி கீழ இருந்து கறுத்துடும். கம்மியா ஜாஸ்தியானு கேட்டீங்கல்ல, மண்ணுல ஜாஸ்தி, காத்துல கம்மி. ரெண்டும் ஒரே நேரத்துல.

அதனால நாம செய்ற எல்லாமே ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், வேர் வர்ற வரைக்கும் குச்சிய உயிரோட வெச்சிருக்கணும். ரோஜாவுக்கு அது சாதாரணமா 4-ல இருந்து 8 வாரம் ஆகும். அந்த 8 வாரத்த தாங்குற சேமிப்பு குச்சிக்குள்ள இருக்கணும்னா பூ முழுசா வாடுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஜாடில பூ விரிய விரிய அந்தச் சேமிப்பத்தான் தின்னுட்டு இருக்கு. ரெண்டு மூணு நாள் ஆசை தீர பாத்துட்டு, இலை பச்சையா விறைப்பா இருக்கும்போதே வெட்டிடுங்க. பூவ தனியா ஒரு கிண்ணத்துல தண்ணியில மிதக்க விட்டா அதுவும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், ரெண்டும் கிடைச்ச மாதிரி ஆச்சு.

எந்தப் பகுதிய எடுக்கணும்ங்கிறது ரொம்ப முக்கியம். பூவுக்கு நேர் கீழ இருக்குற கழுத்துப் பகுதி வேண்டாம், அது இளசா மெல்லிசா இருக்கும், இலையும் மூணு மூணாத்தான் இருக்கும், சீக்கிரம் அழுகிடும். அதுக்குக் கீழ ஒரு காம்புல அஞ்சு சிற்றிலை இருக்குற இடத்துல இருந்து எடுங்க. பென்சில் தடிமன் இருந்தா போதும். ஒரு முள்ள பக்கவாட்டுல கட்டை விரலால தள்ளிப் பாருங்க, டக்குனு சுத்தமா உடைஞ்சு வந்தா பதம் சரி. முள்ளு வளைஞ்சா இன்னும் இளசு. ஜாடியில தண்ணிக்குள்ள முங்கி இருந்த அடிப்பகுதிய 5 செ.மீ. அளவுக்கு வெட்டிப் போட்டுடுங்க, அங்க குழாயெல்லாம் பாக்டீரியாவால அடைச்சிருக்கும். வெட்டின முகத்தப் பாருங்க, நடுத்தண்டு பச்சை கலந்த வெள்ளையா ஈரமா இருக்கணும், பழுப்பு வளையம் தெரிஞ்சா அது போற வரைக்கும் இன்னும் மேல ஏத்தி வெட்டுங்க.

ஒரு குச்சி 15-20 செ.மீ., 3-4 கணு. கீழ கணுவுக்கு ஒட்டின மாதிரி கொஞ்சம் கீழ சாய்வா, மேல கணுவுக்கு அரை செ.மீ. மேல நேரா வெட்டுங்க. சாய்வு நேருங்கிறது அழகுக்கு இல்ல, நாளைக்கு எது தலை எது கால்னு குழம்பாம இருக்க, தலைகீழா நட்டா வேர் வராது. கத்திரிக்கோல் தண்ட நசுக்கிடும், நல்ல கூரான பிளேடு இல்லனா கவாத்துக் கத்தரி எடுங்க, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கோங்க. மேல ஒண்ணு ரெண்டு இலைய மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுத்துடுங்க, சிலர் மொத்தமா மொட்டை அடிச்சிடுறாங்க, அது வேண்டாம். வேருக்குத் தேவையான சர்க்கரையும் ஹார்மோனும் அந்த இலையில இருந்துதான் கீழ இறங்குது. இலை பெருசா இருந்தா நுனி ரெண்டு மூணு சிற்றிலைய கிள்ளி பாதியாக்கிடலாம்.

அடியில ஒரு பக்கமா 2 செ.மீ. நீளத்துக்கு மேல் தோல லேசா சீவி விடுங்க, வேர் அந்த ஓரத்துல இருந்தும் கிளம்பும். ரூட்டிங் பவுடர் இருந்தா கண்டிப்பா போடுங்க, அதுல இருக்குறது ஐபிஏங்கிற ஆக்ஸின், செடி தானா உற்பத்தி பண்ற வேர் ஹார்மோனோட நெருங்கின சொந்தம். ரோஜா மாதிரி அரைப்பதக் குச்சிக்கு, அதாவது பாதி முத்தின குச்சிக்கு, 0.3 சதவீத பவுடர் சரியா இருக்கும். அடிய ஈரமாக்கி, தொட்டு, தட்டி உதறிடணும். அப்பிக்கிட்டா நல்லதுனு நெனச்சு நெறைய போட்டா அதுவே அடிய கருக்கிடும். மண்ணுல முதல்ல வேற குச்சியால ஓட்டை போட்டுட்டு அதுக்குள்ள இறக்குங்க, நேரா குத்தினா பவுடர் பூரா மேலயே வழிச்சிடும்.

மண்ணுக்கு கழுவின கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) பாதி, கரடு மணல் இல்லனா பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) பாதி. உரம் ஒரு துளி கூட வேண்டாம், மண்புழு உரமும் சேத்துத்தான் சொல்றேன், வேர் இல்லாத குச்சிக்கு உரத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, பூஞ்சைக்குத்தான் விருந்து. கையில எடுத்து அழுத்திப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வர்ற ஈரம் போதும். ரெண்டு கணு உள்ள போற மாதிரி நட்டுட்டு சுத்தி நல்லா அமுக்கி விடுங்க, மேல அடி வெட்டின பெரிய பாட்டிலயோ ட்ரான்ஸ்பரன்ட் கவரையோ இலை படாத மாதிரி கவுத்துடுங்க. வெளிச்சம் நல்லா வரணும், நேர் வெயில் படவே கூடாது, கவருக்குள்ள வெயில் பட்டா ஒரு மதியத்துல வெந்துடும்.

கடைசியா ஒண்ணு. தினமும் புடுங்கிப் பாக்காதீங்க. பாக்காம இருக்க முடியாதுனா ட்ரான்ஸ்பரன்ட் கப்புல நட்டு வெளிய கறுப்பு பேப்பர் சுத்தி வைங்க, பேப்பர மட்டும் கழட்டிப் பாத்துக்கலாம்.

கரிசல்காடு:

வேர்க்கால் சொன்னது அத்தனையும் சரி, ஆனா பொக்கே ரோஜாங்கிறதால இன்னொரு விஷயம் சேத்துக்கணும். தோட்டத்துல இப்ப வெட்டின குச்சியும் பொக்கே குச்சியும் ஒண்ணு இல்ல. பொக்கே பூ உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பல நாள் குளிர் அறையில இருந்திருக்கும், சேமிப்பு பாதி அங்கயே கரைஞ்சிருக்கும். அதுக்கும் மேல சில நாட்டுல சட்டமே குறுக்க நிக்கும். ஆஸ்திரேலியால எல்லாம் வெளிநாட்டுல இருந்து வர்ற ரோஜா தண்டு முளைக்கவே கூடாதுனு கிளைபோசேட் களைக்கொல்லியில முக்கி எடுத்தாத்தான் உள்ள விடுவாங்க, பூச்சி நோய் பரவிடக் கூடாதுங்கிறதுக்காக. அந்த மாதிரி தண்டுக்கு நீங்க என்ன வைத்தியம் பண்ணாலும் வேர் வராது, அது உங்க கை ராசி இல்ல.

அதனால ஒரு குச்சிய நம்பாதீங்க. ஒரு நீளக் காம்புல ரெண்டு குச்சி தாராளமா வரும், பொக்கேல இருக்குற எல்லாத்தையும் நடுங்க. அதுல ஒண்ணு ரெண்டு வந்தா அது நல்ல விளைச்சல். எல்லாத்தையும் ஒரே தொட்டியில நெருக்கி வைக்காம தனித்தனி கப்புல வைங்க, ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்குறதுக்கும் தாவிடும்.

இன்னொண்ணு, கடை ரோஜாவுல பூச்சி மருந்து தெளிச்சிருப்பாங்க, கையுறை போட்டுக்கோங்க இல்ல வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவிடுங்க. அந்த இதழ சாப்பாட்டுல எல்லாம் சேக்காதீங்க.

மல்லிப்பந்தல்:

உருளைக்கிழங்கு பத்தி யாரும் சொல்லலயே. வேண்டாம் இலைநிழல், அத விட்டுடுங்க. குச்சிக்கு ஈரம் குடுக்கும்னுதான் சொல்றாங்க, ஆனா மண்ணுக்குள்ள கிழங்கு ஒண்ணு அழுகும், இல்லனா அதுவே முளைச்சு உருளைச் செடி வந்துடும். அழுகினா கூடவே குச்சியும் போயிடும். ரோஜாவுக்கு வேர் வர வைக்கிற எதுவும் கிழங்குல இல்ல. தேன் வெட்டுவாயில கிருமி வராம கொஞ்சம் காக்கும், அவ்வளவுதான், அது ஹார்மோன் கிடையாது.

தண்ணியில வேர் வரும், நான் இல்லனு சொல்லல. ஆனா 3-4 செ.மீ. தண்ணி மட்டும் வெச்சு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும், கறுப்பு பேப்பர் சுத்தணும், இல்லனா பாசி பிடிச்சிடும். அப்படி வர்ற வேர் வெள்ளையா கண்ணாடி மாதிரி ஒடியும், மண்ணுக்கு மாத்துறப்ப நெறைய செத்துடும். தண்ணியிலயேதான் பண்ணணும்னா வேர் 2 செ.மீ. வந்ததும் மாத்திடுங்க, நீளமா வளரட்டும்னு காத்திருக்காதீங்க. என்னக் கேட்டா நேரா கோகோபீட்தான்.

இலைநிழல்:

எவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க எல்லாரும், ரொம்ப நன்றி! வேரே இல்லாம துளிர் எப்படி வருதுங்கிறது இப்பதான் புரிஞ்சுது. நேத்தே எல்லா பூவையும் வெட்டி கிண்ணத்துல போட்டுட்டு, சிவப்பு ஆரஞ்சு எல்லாத்தையும் தனித்தனி கப்புல நட்டுட்டேன். முள் டெஸ்ட் சூப்பர், ஒரு தண்டுலயே மேல வளைஞ்சுது, நடுவுல டக்குனு உடைஞ்சுது.

இப்ப கவருக்குள்ள தண்ணி முத்து முத்தா நிக்குது, அது சரியா? ஒரு குச்சியில விட்டு வெச்ச இலை மஞ்சளாகிட்டு வருது. அப்புறம் துளிர் வந்தா கிள்ளி விட்டுடணுமா, அதுதான சேமிப்ப தின்னுடும்?

வேர்க்கால்:

முத்து முத்தா நிக்குறது நல்லதுதான், உள்ள ஈரக்காத்து இருக்குனு அர்த்தம், அது நிக்குற வரைக்கும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தவே தேவையில்ல. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் திறந்து காத்து மாத்தி விடுங்க, பூசணம் வராது. மஞ்சள் இலை தானா விழுந்தா உடனே எடுத்துப் போடுங்க, ஈர மண்ணு மேல கெடந்தா அதுல இருந்துதான் சாம்பல் பூசணம் ஆரம்பிக்கும். இலை விழுந்துட்டா குச்சி செத்துடுச்சுனு தூக்கிப் போட்டுடாதீங்க, தண்டு பச்சையா இருக்குற வரைக்கும் உயிர் இருக்கு. சந்தேகமா இருந்தா நகத்தால மேல் தோல ஒரு புள்ளி அளவு சுரண்டிப் பாருங்க, அடியில பச்சையா இருந்தா காத்திருங்க. கீழ இருந்து கறுப்பு ஏறினா மட்டும் தாமதிக்காம எடுத்துடுங்க.

துளிர கிள்ளாதீங்க. கவருக்குள்ள ஈரம் இருக்குறதால அது முந்தி மாதிரி தண்ணிய இழக்காது, இலை முத்தினதும் அதுவே சமைச்சு கீழ அனுப்ப ஆரம்பிக்கும். பூ மொட்டு வந்தா மட்டும் அத கிள்ளிடுங்க.

2-3 வாரத்துல கப்பு வழியா பாத்தீங்கனா அடியில வெள்ளையா அரிசிக் குருணை ஒட்டின மாதிரி ஒண்ணு தெரியும். அது வேர் இல்ல, காலஸ், வெட்டின காயம் மூடுற திசு. நல்ல அறிகுறி, ஆனா அதப் பாத்துட்டு கவர எடுத்துடாதீங்க. வேருங்கிறது நூல் மாதிரி வெள்ளையா கிளம்பி கப்போட சுவத்த வந்து தொடணும்.

சிட்டுக்கூடு:

நடுவுல வந்து கேக்குறேன், என்கிட்ட ஒரு நீல ரோஜா பொக்கே இருக்கு, இதே முறையில நட்டா நீலப் பூ வர்ற செடி கிடைக்குமா அக்கா?

மல்லிப்பந்தல்:

கிடைக்காதும்மா. அது வெள்ளை ரோஜா, சாயத் தண்ணிய தண்டு வழியா உறிஞ்ச விட்டோ மேல தோய்ச்சோ நீலமாக்கினது. வேர் பிடிச்சு பூத்தா வெள்ளையாத்தான் பூக்கும். நெஜமான நீலத்துக்கான நிறமி ரோஜாவுக்கு இயற்கையா கிடையாது. ஜப்பான்ல சன்டோரி கம்பெனி மரபணு மாத்தி ஒண்ணு உருவாக்கி 2009-ல விக்க ஆரம்பிச்சாங்க, அதுவும் பாக்க லாவெண்டர் நிறத்துலதான் இருக்கும். சாயம் ஏத்தின தண்டு வேர் விடுறதும் ரொம்ப சிரமம், அதனால சாதா வெள்ளை ரோஜா கிடைச்சா அத நடு.

கரிசல்காடு:

இலைநிழல், வேர் வந்த பிறகு வர்ற கட்டத்தையும் இப்பவே சொல்லிடுறேன், அங்கயும் நெறைய பேர் இழக்குறாங்க. கவர் ஒரேயடியா எடுத்தீங்கனா ஒரு நாள்ல வாடிடும், ஈரக்காத்துல வளர்ந்த இலைக்கு வெளிக்காத்து தாங்காது. முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்து ரெண்டு மணி நேரம்னு ஒரு 10 நாள்ல பழக்குங்க. அப்புறம் காலை வெயில் மட்டும். கப்ப விட்டு எடுக்கும்போது வேரச் சுத்தி இருக்குற கோகோபீட்ட உதறாம அப்படியே கட்டியா சின்னத் தொட்டிக்கு மாத்துங்க, எடுத்ததும் பெரிய தொட்டி வேண்டாம், வேர் இல்லாத மண்ணுல ஈரம் தங்கி அழுகிடும். புது இலை நல்லா முத்தின பிறகு உரத்த பாதி அளவுக்கும் கீழ கரைச்சுக் குடுக்கலாம்.

செடி எப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்கிட்டா ஏமாற்றம் இருக்காது. பொக்கேக்கு வளர்க்குற ரகமெல்லாம் பசுமைக்குடிலுக்குள்ள மழை படாம வளர்க்குறதுக்குனே உருவாக்கினது, நீளக் காம்பு, ஜாடியில பல நாள் நிக்கணும், அதுக்காகத்தான் தேர்ந்தெடுத்து எடுத்திருக்காங்க, வாசனை அங்கதான் குறைஞ்சு போச்சு. வெளிய வெச்சா கரும்புள்ளி நோய் சீக்கிரம் வரும், அந்தப் பூஞ்சைக்கு இலை 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமா இருந்தாலே போதும், அதனால தண்ணிய இலையில ஊத்தாம அடியில, காலையில ஊத்துங்க. பசுமைக்குடில்ல ஒட்டுச் செடியா, வேற ரோஜாவோட வலுவான வேர் மேல வளர்ந்த ரகம் நெறைய, இப்ப அது சொந்த வேர்ல நிக்கணும், அதனால முதல் வருஷம் செடி மெலிசாத்தான் இருக்கும், பூவும் பொக்கேல பாத்த அளவுக்கு வராது. ஒரு நல்லது என்னனா ஒட்டுச் செடியில அடியில இருந்து காட்டு ரோஜா கிளை வந்து மேல இருக்குறத அமுக்கிடும், சொந்த வேர் செடியில அந்தப் பிரச்சனையே இல்ல, அடியில இருந்து எது கிளம்பினாலும் உங்க சிவப்பு ரோஜாதான். மேல மொத்தமா காஞ்சு போனா கூட அடியில இருந்து அதே செடி திரும்பி வரும்.

நெறைய செடி வந்துட்டா விக்கலாமேனு நினைக்குறவங்களுக்கும் ஒண்ணு, பொக்கே ரகம் நெறையதுக்கு காப்புரிமை இருக்கு. அமெரிக்காவுல செடிக்குனு குடுத்த முதல் பேடன்ட்டே 1931-ல நியூ டான்ங்கிற ரோஜாவுக்குத்தான். உங்க நாட்டு விதியப் பாக்காம விக்கப் போகாதீங்க.

இலைநிழல்:

வாசனை இல்லாட்டியும் பரவால்ல, பூ சின்னதா வந்தாலும் பரவால்ல, அவங்க குடுத்த அதே ரோஜா வந்தா போதும். ஒரே ஒரு சந்தேகம், வேர் கப்போட சுவத்த தொட்டுடுச்சுனா உடனே தொட்டிக்கு மாத்தலாமா, இல்ல முதல்ல கவர எடுத்துப் பழக்கிட்டு அப்புறமா?

வேர்க்கால்:

முதல்ல கவர். கப்புல இருக்கும்போதே வெளிக்காத்துக்குப் பழக்கிடுங்க, கவர் இல்லாம ஒரு வாரம் வாடாம நின்னுச்சுனா அப்புறம் தொட்டி மாத்துங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, வேர் அசையுறதும் காத்து காயுறதும் சேந்தா தாங்காது. அதுக்குள்ள வேர் சுவத்தச் சுத்தி ஒரு சுத்து வந்தாலும் பரவால்ல, இன்னும் நல்லதுதான், கட்டி உடையாம வரும். மாத்துறது சாயங்காலமா இருக்கட்டும்.